ஞாயிற்றுக்கிழமை நீ படிக்கப்போகும் பெயர்கள்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வருகிற ஞாயிறு ஆராதனையில் மல்கியா தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்கம் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். போன அறுப்பின் பண்டிகையில் விளைச்சலில் பத்திலொரு பங்கான தசமபாகத்தைக் கோயிலுக்குக் கொண்டுவராத வீடுகளின் பெயர்களைச் சபையார் முன்னால் படிக்கப்போகிறாயாம். இந்த ஆடியில் முளைத்த கடலைச்செடியை எல்லாம் தின்று தீர்த்த கம்பளிப்பூச்சி அந்த வீடுகளால் வந்த சாபம்தான் என்று சொல்லப்போகிறாயாம். உபதேசியாராகவும் வாத்தியாராகவும் நீ அந்த ஊருக்குப் போன பிறகு செய்யப்போகும் பெரிய காரியம் என்று நினைத்து, அம்மா சந்தோஷப்படுவாள் என்றுதான் எழுதியிருப்பாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உங்கப்பா ஷாப்பிலிருந்து வந்து தோல் நாற்றம் போகக் குளித்துவிட்டு உட்கார்ந்ததும் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நம்ம பையன் பூச்சிக்கு வக்கீலா பூட்டான்" என்றார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணப் பேச்சில்கூட நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்தில் தப்பு இருக்கும், பொறுத்துக்கொள். அந்த நாலாம் வகுப்போடு நான் ஏன் நின்றேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ கேட்டபோதெல்லாம், பெண்பிள்ளை என்று நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். நிறுத்தியவர் யாருமில்லை. பள்ளிக்கூடமே நின்றுபோனது.

ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரமாக எங்கள் தெரு இருந்தது. ஆண்கள் எல்லாருக்கும் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பெண்களும் பிள்ளைகளும் தோல் பதனிடத் தேவையான ஆவாரம்பட்டையை இடிப்பார்கள். தெருக்கோடியில் ஒரே ஓலைக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை அது கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். உபதேசியார்தான் வாத்தியார். மிஷனிலிருந்து அவருக்கு வந்தது உப்புக்கும் புளிக்கும் போதாது. அவர் வீட்டு அடுப்பு எரிந்தது எங்கள் தெருப் பெண்களின் பிடி அரிசியால். உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, 'கர்த்தருக்கு' என்று சொல்லித் தனிக் கலயத்தில் போடுவோம். காசு பார்க்காத கைகளுக்கு அதுதான் தசமபாகம். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வரிசை வீடுகளின் அரிசியைக் கோயில் பையில் சேர்த்துக் கொண்டுபோய் உபதேசியார் வீட்டில் கொடுப்பது என் வேலை. வழியில் நின்று கதை பேச மாட்டாள் என்று என்னிடம் கொடுத்தார்கள். அந்த அரிசியில் உபதேசியார் குடும்பம் சாப்பிட்டது போக மீதி, தெருவில் வேலை இல்லாமல் கிடப்பவர்களுக்கும் விதவைகளுக்கும் போக வேண்டும் என்று ஏற்பாடு. போக வேண்டும் என்றுதான் ஏற்பாடு.

எனக்கு ஒரு சித்தி இருந்தாள், மரியா என்று பெயர். அவள் வீட்டுக்காரர் ஷாப்பில் பச்சைத்தோல் சுமக்கிறவர். ஒருநாள் அவர் கழுத்தில் ஒரு கொப்புளம் வந்தது. கறுத்தது, வீங்கியது. தோல் சுமக்கிறவர்களுக்கு அப்படி வருவது உண்டு என்று தெருவுக்கே தெரியும். படுத்த படுக்கையாகக் கிடந்து செத்துப்போனார். அவர் படுத்திருந்த நாட்களில் சித்தி வீட்டிலிருந்து என் பைக்குப் பிடி அரிசி வரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எடுத்தது நீ எடுக்கப்போகும் அதே அதிகாரம். ஜனங்கள் தேவனுக்குரிய பத்திலொன்றைக் கொடுக்காமல் அவரை வஞ்சித்தார்கள், அதனால் தேசமே சாபத்துக்கு உள்ளானது, கொண்டுவந்து கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும், பயிரைப் பட்சிக்கிறதை அவர் தடுப்பார் என்று அதில் வருகிறது. அதைப் படித்துவிட்டு அவர், "கொடாத வீட்டுக்குள் எது நுழைந்தது என்று நாம் போன வாரம் பார்த்தோம்" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லாத் தலையும் சித்தி பக்கம் திரும்பியது. என் தலையும்தான்.

சித்தி எழுந்து நின்றாள். பிரசங்கத்தின் நடுவில் ஒரு பெண் எழுந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஐயா, எங்க வூட்ல பிடி போட அரிசியே இல்ல. கஞ்சித்தண்ணிதான். உங்க வூட்டுப் பானைல இருந்துச்சே, அதுல ஒரு படி அனுப்பினீங்களா?"

"மரியா, இது கர்த்தருடைய வீடு. உட்கார்."

"உக்காந்துதான் இருந்தேன், ஐயா. நீங்கதான் எழுப்பிட்டீங்க."

பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் என் நைனா, உன் தாத்தா, எழுந்தார். அவர் பின்னால் மற்ற ஆண்கள். அன்று சாயங்காலம் தெருவில் கூட்டம் போட்டார்கள். நைனாதான் சத்தமாகப் பேசினார். "ஒரு வூட்ல இருந்தும் ஒரு பிடி போகக்கூடாது. சாபம் யாருக்கு வருதுன்னு பாத்துடலாம்." யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் சண்டைதான். பெண்களில் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, கோயில் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி நைனா என்னை அனுப்பினார். உபதேசியாரின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்கள். "வந்துட்டியா கண்ணு, உலை கொதிக்குது" என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கினார்கள். கனம் இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். பிறகு பையை உதறிப் பார்த்தார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். விறகாவது மிஞ்சட்டும் என்று. அவர்களுடைய சின்னப் பிள்ளை, "இன்னாம்மா, அடுப்ப அணைச்சிட்ட?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் ஓடி வந்துவிட்டேன்.

அவர் பிடிவாதக்காரர். மன்னிப்பும் கேட்கவில்லை, மிஷனுக்கும் எழுதவில்லை. கோயிலில் அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் நைனா சாப்பிட உட்கார்ந்தவர், "உன் வாத்தியாரு இன்னிக்கு சுண்ணாம்புக் குழில எறங்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். பசி தாங்காமல் அவர் சாயபுவிடம் வேலை கேட்டு வந்திருக்கிறார். தோலின் மயிர் கழல ஊறவைக்கும் அந்தக் குழியில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை. "வாங்க ஐயா, சுண்ணாம்பு உபதேசியாரு, கூலிக்காரன்னு ஆள் பாக்காது" என்று ஒருவர் சொல்ல, "பாத்து, ஐயா கால்ல பட்டா சுண்ணாம்புக்கே சாபம் வந்துடும்" என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் நைனா நடித்துக் காட்டினார். பிறகு, "மொதல் நாளே காலு வெடிச்சுப்போச்சு அந்த மனுசனுக்கு" என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார்.

சுண்ணாம்பு அவரை அதிக நாள் வேலை செய்ய விடவில்லை. கால் புண்ணோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு கணியம்பாடிப் பக்கம் அண்ணன் நிலத்தில் பாடுபடப் போய்விட்டார். போகும்போது பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திக் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றை ஷாப்புக்காரர்கள்தான் அவிழ்த்தார்கள், ஆவாரம்பட்டை அடுக்கிவைக்க. மிஷன் எங்கள் தெருவுக்கு வேறு ஆள் அனுப்பியபோது நான் உன்னைச் சுமந்துகொண்டிருந்தேன். நான் கணக்கில் வகுத்தல் தொடங்கியிருந்தேன், மகனே. மிச்சம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதற்குள் வாத்தியார் போய்விட்டார். என்னோடு படித்தவர்களில் பலருக்கு இன்றைக்கும் கைநாட்டுதான்.

ஆகவே தசமபாகத்தை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று உன் அம்மா சொல்லமாட்டாள். ஆகும். கல்யாணமான பிறகு தட்டுத்தடுமாறி வேதத்தை நானே படிக்கத் தொடங்கியபோது, நெகேமியாவின் கடைசி அதிகாரத்தில் எங்கள் தெருவைப் பார்த்தேன். ஆலய ஊழியம் செய்கிற லேவியருக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை. ஆலயத்தில் பாடவேண்டியவர்கள் அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வானத்திலிருந்து ஏதோ விழுந்ததாக அங்கே இல்லை. பாட ஆள் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கொடாமல் போனதற்கு விளைவு அது. அதனால்தான் இன்றைக்கும் என் வீட்டில் பிடி அரிசி நிற்கவில்லை. நீ படித்தது அந்த மாதிரிப் பிடி அரிசியில்தான்.

ஆனால் அதே அதிகாரத்தில் அந்தப் பங்கு ஏன் வரவில்லை என்பதையும் பார். அதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடந்திருக்கிறது. தானியமும் எண்ணெயும் வைக்கிற ஆலயத்து அறையை ஆசாரியனே காலி செய்து, தனக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதனுக்குக் கொடுத்திருக்கிறான். நெகேமியா வந்ததும் வயல்காரர்களின் பெயரைப் படிக்கவில்லை. முதலில் அந்த அறையைத் திறந்து, உள்ளே இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்து, சுத்தம் செய்யச் சொன்னார். பிறகு தலைவர்களைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். பங்கிட்டுக் கொடுக்க நம்பிக்கையானவர்களை வைத்தார். அதற்கு நடுவிலேதான் ஜனங்கள் கொண்டுவந்தார்கள். மல்கியாவும் அப்படித்தான். அவர் கோபம் முதலில் ஆசாரியர்கள் மேல்தான் போகிறது. நீ படிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, கூலிக்காரனையும் விதவையையும் தகப்பனில்லாதவனையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகத் தேவன் சாட்சியாக வருவார் என்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கீழே இருந்து தொடங்க உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இப்போது நான் ஏன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாள், உன் ஊரிலிருந்து யாக்கோபு இங்கே வந்தார். ஒடுகத்தூருக்கு மேலே மலையடியில் இருக்கும் உன் சபைக்காரர்தான், குத்தகைக்கு நிலம் உழுகிறவர். தோல் ஷாப்பில் வேலை கேட்டு வந்திருக்கிறார். உன் அம்மா வீடு என்று விசாரித்துத் தண்ணீர் குடிக்க வந்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"நீங்க போன தையில தசமபாகம் குடுக்கலையாமே?"

"குடுக்கலம்மா. பொய் சொல்லமாட்டேன். பையனுக்கு காய்ச்சல், வித்ததெல்லாம் அதுக்கே போச்சு. அப்புறம் கொஞ்சம் இருந்துச்சு, குடுத்திருக்கலாம். மனசு வரல."

"அதான் பூச்சி வந்துச்சுன்னு சொல்றான் எம்பையன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "பக்கத்து நெலத்துக்காரரு மூட்டை மூட்டையா குடுத்தாரும்மா. அவரு செடியையும் மொட்டை அடிச்சிட்டுத்தான் என் நெலத்துக்கு வந்துச்சு. பூச்சிக்குப் பேரு படிக்கத் தெரியாதும்மா."

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கிறதாம். பூச்சி மண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். இந்த ஈரம் காய்வதற்குள் மறுபடி விதைத்தால் ஒரு விளைச்சல் எடுத்துவிடலாமாம். விதைக்குத்தான் கடலை இல்லை. உன்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பின்னறையில் போன அறுப்பின் பண்டிகைக்கு வந்த கடலை மூட்டைகள் தோலோடு அப்படியே கிடக்கின்றன, விலை ஏறியதும் விற்றுக் கோயிலுக்கு ஓடு போடுவதற்காக நீ பூட்டி வைத்திருக்கிறாய். "அது தேவனுக்குரியது, விதைக்குக் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாயாம்.

"வாத்தியாரு நல்லவருதாம்மா" என்றார் யாக்கோபு. "பிள்ளைங்களுக்கு நல்லா சொல்லிக்குடுக்கறாரு. ஆனா ஞாயித்துக்கெழம பேரப் படிச்சிட்டாருன்னா எங்க கதி முடிஞ்சுதும்மா. பண்ணைக்காரருக்கு அன்னிக்கே சேதி போயிடும். அவங்க சாமியே அவங்களுக்கு சாபம் குடுத்துட்டாரு, இவனுங்க கால் வெச்சா நெலம் வெளங்காதுன்னு சொல்லி குத்தகையப் புடுங்கிடுவாரு. ஏற்கெனவே சாக்கு தேடிக்கிட்டு இருக்காரு. பேஜாரா பூடும். அதான் முன்னாடியே இங்க வேலைக்கு வந்துட்டேன். திங்கக்கெழம குழியில எறங்கச் சொல்லியிருக்காரு மேஸ்திரி."

இதை நீ யோசித்தாயா, மகனே? கோயிலுக்குள் நீ சொல்வது கோயிலோடு நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீ பெயர் படித்தால் அவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். நிலம் போகும். நிலம் போனவர்கள் யாக்கோபைப் போலக் குழிக்கு வருவார்கள், கூடவே பிள்ளைகளையும் பட்டை இடிக்கக் கூட்டிவருவார்கள். உன் பள்ளிக்கூடத்தில் யார் உட்காருவார்கள்? மிஞ்சுகிறவர்கள் உன் மேல் ஆத்திரப்பட்டு, கொடுக்கிறதையும் நிறுத்துவார்கள். அப்போது உனக்கு ஓடிப்போக அண்ணன் நிலம்கூடக் கிடையாது. உன் மனைவி வாயும் வயிறுமாக இருக்கிறாள். அணைத்த அடுப்பு எப்படி இருக்கும் என்று நான் பார்த்தவள்.

நீ பணத்தாசை பிடித்தவன் இல்லை, அது எனக்குத் தெரியும். ஓலை ஒழுகுகிறது, மழையில் பிள்ளைகள் நனைகிறார்கள், ஓடு போட வேண்டும் என்ற உன் தவிப்பு நியாயமானது. ஆனால் அந்த மூட்டைகளை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று யோசி. லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் உன் வாசலில் வந்து சாப்பிட்டுத் திருப்தியாகட்டும் என்பதற்குத்தான் தசமபாகம் என்று மோசேயின் புத்தகத்தில் இருக்கிறது. அதில் லேவியன் நீ. மற்றவர்கள் உன் வாசலில் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள். அவர்கள் கொண்டுவராதது பாதி என்றால், நீ கொடுக்காதது மறு பாதி. இரண்டும் ஒரே குற்றம்தான். ஒன்றை மட்டும் பெயர் சொல்லிப் படிப்பது எப்படி?

யாக்கோபு செய்ததும் தப்புதான். கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை என்று அவரே சொன்னார். அதைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள். சபையார் முன்னால் வேண்டாம். பின்னறையைத் திறந்து விதைக்குக் கடலை கொடு, விளைந்ததும் அந்த விதைக் கடலையையும் தசமபாகத்தையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல். கொண்டுவருவார். மலையடியில் இருக்கும் எல்லாரும் கொண்டுவருவார்கள். அப்போது நீ மல்கியாவைப் படி, அவர்கள் முகத்தைப் பார்த்துப் படி. ஓடு ஒரு வருஷம் தள்ளிப் போனால் போகட்டும். ஒழுகுகிற இடத்தில் பானை வை.

சபைப் பெரியவர்கள் கேட்பார்கள் என்று பயப்படுவாய். கேட்பார்கள்தான். மூட்டையைத் திறந்ததற்குப் பதில் சொல்வது கஷ்டம். நாளைக்கு மூடின பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்வது அதைவிடக் கஷ்டம்.

தபாலில் போட்டால் இது திங்கட்கிழமைதான் உன் கைக்கு வரும். ஆகவே குழியில் இறங்குவதற்கு முன்னால் ஒரு தரம் ஊருக்குப் போய்வரும்படி யாக்கோபிடம் கேட்டுக்கொண்டேன். "போய் என்னம்மா ஆவப்போவுது?" என்றார். என் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அது போதும் என்றேன். பஸ்ஸுக்குக் காசு உங்கப்பா கொடுத்தார். உனக்கு முன்னால் இப்போது நிற்பவர் அவர்தான். படிக்கத் தெரியாதவர், இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் தோளில் ஒரு காலிக் கோணி இருக்கும் பார். நான்தான் கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று கேட்டார், வாத்தியார் சொல்லுவார் என்றேன்.

சொல்லு.

உன் அம்மா